எட்டு விண்டோ, ஒரே கிணறு

“தனியா ஓட்டினா பாஸ் ஆகுதே அக்கா, அப்புறம் என்ன?” என்று எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி போனில் கேட்டான். அது மாசி மாதம். ஒரு இணையதளம் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகவே சோதிக்கும் நிரல்களை டெஸ்ட் என்போம். எட்டு பிரவுசர் விண்டோவில் ஒரே நேரத்தில் ஓட்டியபோது ஃபெயில் ஆன டெஸ்டுகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தான். பதினேழும் பாஸ். அவன் கேட்டதில் தப்பில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு நாளாவது அப்படிக் கேட்டு, பதில் கிடைக்காமலே அடுத்த வேலைக்குப் போயிருப்போம். நானும் போயிருக்கிறேன். இந்தத் தடவை போக முடியவில்லை. வைகாசி முடிகிற வரைக்கும் அந்தக் கேள்வி என் கூடவே இருந்தது.

என் வேலை, கைத்தறிப் புடவை விற்கிற ஒரு தளத்துக்கு ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதுவது. ஆபீஸ் சென்னையில். நான் இருப்பது கானாடுகாத்தானில், எங்கள் வீட்டு முகப்பை ஒட்டிய அறையில். முன்வாசலில் நின்றால் பின்தெரு தெரிகிற நீள வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி இருக்கிற அறைகளில் பாதி பூட்டியே கிடக்கும்; சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கின்றன. நாங்கள் விற்கிற புடவைகளில் கண்டாங்கிக்குத் தனிப் பிரிவு உண்டு. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். தறியில் நெய்வது என்பதால் மில் புடவை மாதிரி ஒரே டிசைனில் நூறு இருக்காது. எங்கள் தளத்தில் பல புடவைகள் ஒன்றே ஒன்றுதான். விற்றால் முடிந்தது. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மொத்தம் 312 டெஸ்ட். பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் என்ற கருவியில், ஜாவா மொழியில் எழுதியது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். காலையில் ஒருவர் கோட் மாற்றினால், அது சரியா தப்பா என்று அவருக்குத் தெரிய மதியச் சாப்பாடு ஆகிவிடும். அதற்குள் அவர் வேறு மூன்று இடத்தில் கை வைத்திருப்பார். சரி, சேர்த்து ஓட்டுவோம் என்று முடிவானது. டெஸ்டுகளை ஓட்டுகிற டெஸ்ட்என்ஜி என்ற கருவியின் கோப்பில் பேரலல் என்பதை மெத்தட்ஸ் என்றும், திரெட் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலை இழை) எண்ணிக்கையை எட்டு என்றும் மாற்றினேன். மாற்றியது ஒரே ஒரு வரி.

முதல் ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். லேப்டாப் திரையில் எட்டு குரோம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன. ஒரு விண்டோவில் தேடல் பெட்டி காத்துக்கொண்டு நின்றது. அதில் விழ வேண்டிய ‘அரக்கு கண்டாங்கி’ என்ற எழுத்துகள் பக்கத்து விண்டோவில், முகவரி எழுதும் இடத்தில், பின்கோடு பெட்டிக்குள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மூன்றாவது விண்டோ யாரும் தொடாமல் வெறும் வெள்ளையாக நின்றது. இது நான் பார்த்ததிலேயே நேர்மையான தோல்வி. காரணத்தைத் தானே காட்டிவிட்டது. எங்களுக்கு முன்னால் எழுதியவர்கள், பிரவுசரை இயக்குகிற டிரைவர் என்ற ஒரே மாறியை ஸ்டேட்டிக்காக, அதாவது எல்லா டெஸ்டுக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள். ஒரு விண்டோ மட்டும் இருந்த காலத்தில் அதில் குறையில்லை. எட்டு திரெட் வந்ததும், கடைசியாகத் திறந்தது யாரோ அவருடைய விண்டோவே எல்லோருக்கும் விண்டோ ஆகிவிட்டது. திரெட்லோக்கலில் வைத்து, ஒவ்வொரு திரெட்டுக்கும் அதனதன் டிரைவர் என்று ஆக்கினேன். அரை நாள் வேலை. எழுத்துகள் வீடு மாறிப் போவது நின்றது.

பேமென்ட் விண்டோவும் அப்படி ஒரு பழைய கடன். பணம் கட்டும் பக்கம் தனி விண்டோவாகத் திறக்கும். பழைய கோட், திறந்திருக்கிற விண்டோக்களின் பட்டியலை வாங்கி, அதில் இரண்டாவதை எடுத்துக்கொண்டு போகும். பிரவுசருக்குக் கட்டளை கொடுக்கும் முறையான வெப்டிரைவர் 2018-ல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சியின் தரமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியல் எந்த வரிசையில் வரும் என்பதற்கு அந்தத் தரத்தில் உத்தரவாதமே கிடையாது. இத்தனை நாள் அது நம் மேல் கருணை காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். புது விண்டோ திறக்கும் முன் இருந்தவற்றைக் குறித்து வைத்து, திறந்த பின் எது கூடுதலாக வந்திருக்கிறது என்று பார்த்துப் போவதே சரி.

பின்னால் நிற்கிற விண்டோ

இதற்குப் பிறகு வந்தவைதான் என்னை உண்மையில் அலைக்கழித்தவை. ஒரு மெனு இருக்கிறது. கர்சர் வேறு இடத்துக்குப் போனால் தானாக மூடிக்கொள்ளும். தனியாக ஓட்டினால் சரியாக இருக்கும். எட்டோடு ஓட்டினால் திறந்த கையோடு மூடும், சில நேரம் திறக்கவே திறக்காது. எத்தனை விண்டோ திறந்திருந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஒரு நேரத்தில் ஒன்றில்தான் கவனம். மற்ற ஏழும் கவனம் இழந்தவை. கவனம் போனதும் பக்கத்துக்கு ‘பிளர்’ என்ற தகவல் போகிறது, மெனு மூடுகிறது. பிளேரைட் என்ற இன்னொரு டெஸ்ட் கருவி இந்த இடத்தில் வேறு வழி எடுக்கிறது. அதில் ஒவ்வொரு பக்கமும் தானே கவனத்தில் இருப்பதாக நடந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது செலினியம். ஆகவே கவனத்தை நம்பியிருக்கிற பதினோரு டெஸ்டுகளைப் பிரித்து, அவற்றை மட்டும் கடைசியில் வரிசையாக ஓடவிட்டேன்.

அடுத்தது சலுகை நேரக் கடிகாரம். ‘இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று பின்னோக்கி எண்ணும் கடிகாரம், நடுவில் உறைந்துபோய் நின்றது. ஒரு விண்டோவை இன்னொரு விண்டோ முழுசாக மறைத்துவிட்டால், குரோம் அதை யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதன் வேலையைக் குறைக்கும். திரையில் படம் வரைகிற வேலை நின்றே போகும். மறைந்த பக்கத்தின் டைமர் நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் ஓடாது. 2021 ஜனவரியில் வந்த 88-வது பதிப்பிலிருந்து இன்னும் கடுமை: ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கிற பக்கத்தில் சில வகை டைமர்களை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுப்பும். பேட்டரி மிச்சம் பிடிக்கச் செய்தது, சாதாரண ஜனங்களுக்கு நல்லது. டெஸ்ட் எழுதுகிறவர், மறைந்த விண்டோவைச் சோர்ந்துபோக விடாதே என்று குரோமைத் திறக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கென்றே இரண்டு மூன்று ஃபிளாக் இருக்கின்றன.

ஹெட்லெஸ்ஸில், அதாவது திரையில் விண்டோவே திறக்காமல் ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் குரோமின் பழைய ஹெட்லெஸ், நாம் பயன்படுத்தும் குரோமிலிருந்து பிரித்து எழுதிய வேறொரு பிறவி. 2023-ல், 112-வது பதிப்பில்தான் இரண்டையும் ஒரே கோட் ஆக்கினார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் கண்ணால் பார்த்து வாங்குகிறவர்கள். குறைந்தது ராத்திரி ஓட்டமாவது விண்டோ திறந்து நடக்கட்டும் என்பது என் பிடிவாதம். எண்ணிக்கையையும் எட்டிலிருந்து நாலாகக் குறைத்தேன். பதினாறு ஜிபி மெமரியில் எட்டு குரோம் மூச்சுத் திணறுகிறது. பக்கம் மெதுவாக, டைம்அவுட் வந்து, டெஸ்ட் ஃபெயில். நாலில் ஓட்டினால் எட்டைவிட ஆறே நிமிடம் கூடுதலாகிறது, ஆனால் முடிவை நம்ப முடிகிறது.

இவ்வளவு செய்தும் தினமும் எட்டுப் பத்து டெஸ்ட் விழுந்தன. நேற்று விழுந்தது இன்று எழும். இன்று விழுந்ததற்கு நேற்று ஒன்றும் இல்லை. இப்படி விழுவதும் எழுவதுமாக இருக்கிற டெஸ்டுக்கு ‘ஃப்ளேக்கி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டால் அதன் பிறகு யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. பங்குனி கடைசியில் டீம் லீட் கூப்பிட்டு, ரீட்ரை போட்டுவிடலாம் என்றார். விழுந்ததை இரண்டு தடவை மறுபடி ஓட்டுவது; ஒரு தடவை பாஸ் ஆனாலும் பாஸ். நான் மறுத்துப் பார்த்தேன். ரிலீஸ் நெருக்கடி. போட்டேன். மறுநாள் காலை ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் காய்ச்சலை மாத்திரை போட்டு இறக்கியது போலவே இருந்தது.

விலாசம்

வைகாசியில் எங்கள் வீட்டில் பெரியப்பா மகன் கல்யாணம். பூட்டிக் கிடந்த அறைகள் எல்லாம் திறந்தன. இந்த வீட்டில் ஐந்து புள்ளி, அதாவது கல்யாணமான ஐந்து குடும்பம். எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைப்பது’ வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே வீட்டில், அதே வளவில், அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிச் சாமான். மாமியார் அடுப்பு ஒரு பக்கம் எரியும், மருமகள் அடுப்பு இன்னொரு பக்கம் எரியும். கோயில் வரி கூட அந்தப் புள்ளிக் கணக்கில்தான். கல்யாணம் போன்ற பெரிய விசேஷத்துக்கு மட்டும் எல்லோருடைய பாத்திரமும் ஒன்றாகக் கலக்கும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டாங்கட்டில் அந்தப் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அண்டா, தாம்பாளம், போணி, கரண்டி என்று ஆத்தங்குடிக் கல் தரை தெரியாத அளவுக்குக் குவிந்து கிடந்தன. எங்கள் அப்பத்தாவுக்கு எண்பத்தி நாலு வயது. நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பித்தளைப் போணியைத் தூக்கி, “இது யாருது அப்பத்தா?” என்றேன். “என்னையக் கேக்காத ஆத்தா, அதைத் திருப்பிப் பாரு. விலாசம் இருக்கும்” என்றார். திருப்பினேன். விளிம்புக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தன. விரலால் தடவினால்தான் தெரிந்தது. தாத்தாவின் அப்பா பெயரில் முதல் எழுத்து, தாத்தா பெயரில் முதல் எழுத்து. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், அநேகமாக ஒவ்வொரு பாத்திரத்திலும் அப்படி ஏதோ ஒரு குடும்பத்தின் விலாசம் இருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் 312 டெஸ்டும் ஒரே வாடிக்கையாளர் பெயரில் லாகின் செய்துகொண்டிருந்தன. ஒரே மின்னஞ்சல், ஒரே கடவுச்சொல். விண்டோ வேறு, டிரைவர் வேறு, குக்கி வேறு. ஆனால் கூடை இருப்பது சர்வரில், அந்த ஒரு பெயரில். ஒரு டெஸ்ட் மூன்று புடவை போட்டு எண்ணிப் பார்க்கிற நொடியில் இன்னொரு டெஸ்ட் கூடையைக் காலி செய்கிறது. தனியாக ஓட்டினால் பாஸ் ஆகாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். ஒவ்வொரு டெஸ்டும் தொடங்கும்போது தனக்கென்று ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கிக்கொள்ளும். பெயரில் திரெட் எண், ஓட்டம் தொடங்கிய நேரம், டெஸ்டின் பெயர் மூன்றும் ஒட்டியிருக்கும். எங்கே எது கிடந்தாலும் யாருடையது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். முகவரி, கூப்பன், விருப்பப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அப்படியே. முடிக்க நாலு நாள் ஆனது. ரீட்ரையை எடுத்துவிட்டு ஓட்டினேன். எட்டுப் பத்தாக விழுந்தது ஒன்றாகக் குறைந்தது. ஒரே ஒரு டெஸ்ட். அதுவும் ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒரு தடவை.

அந்த ஒன்று

அது வாங்கும் டெஸ்ட். கண்டாங்கிப் பிரிவில் முதலில் இருக்கிற புடவையை எடுத்து, வாங்கி, கையிருப்பு பூஜ்யம் ஆகிவிட்டதா என்று பார்க்கும். கூப்பன் போட்டு வாங்குகிற டெஸ்ட் ஒன்றும் அதே முதல் புடவையை எடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் மோதல். பரிகாரம் கையிலேயே இருந்தது: புடவைக்கும் விலாசம். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென்று ஒரு புடவையை உண்டாக்கி, அதையே வாங்கட்டும். எழுதியும் முடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு பழக்கத்தில், விழுந்த டெஸ்டின் கடைசி ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தேன். புடவை படம், விலை, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கையிருப்பு: -1.

பூஜ்யத்துக்குக் கீழே. இல்லாத புடவையை விற்றிருக்கிறோம்.

அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு டெஸ்ட் மோதியதால் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு டெஸ்ட் மோதினால் ஒன்றுக்குப் புடவை கிடைத்து, மற்றதற்கு ‘விற்றுவிட்டது’ என்றல்லவா வர வேண்டும்? கடையில் ஒரு புடவையை இரண்டு பேர் கேட்டால் ஒருவர் கையில்தானே போகும். நான் செய்த திருத்தம் இந்த மோதலைத் தீர்க்கவில்லை. இரண்டு பேரும் சந்திக்கவே முடியாதபடி செய்துவிட்டது. அதை அனுப்பியிருந்தால் அந்த -1 இனிமேல் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பாத்திரம் பிரித்த அன்றைக்கு அப்பத்தா இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஐந்து அடுப்பு எரிந்த வீட்டில் சண்டையே வராதா என்று நான்தான் கேட்டேன். “அடுப்படியில என்னத்துக்கு ஆத்தா சண்டை வருது? அவுகவுக சோறு, அவுகவுக கொழம்பு. சண்டைன்னா கெணத்தடியிலதான். கெணறு ஒண்ணுல்ல.” குடிக்க ஊருணித் தண்ணீர் எடுத்து வந்தாலும், மற்ற புழக்கத்துக்கெல்லாம் பின்கட்டில் இருந்த அந்த ஒரே கிணறுதான். யார் முதலில் இறைப்பது என்பதற்கு முறை வைத்திருந்தார்களாம். கிணற்றை ஐந்தாகப் பிரிக்க முடியாதே. அப்போது அதைக் கதையாகத்தான் கேட்டேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இது அடுப்பு இல்லை, கிணறு என்று பட்டது. வாடிக்கையாளர் பெயர், கூடை, முகவரி எல்லாம் நிஜத்திலும் ஆளுக்கு ஒன்று. அதைப் பிரித்தது சரி. ஒற்றைப் புடவையை நிஜத்திலேயே எல்லோரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள். அதைப் பிரித்தால், ஊரில் நடக்காத ஒன்றை டெஸ்ட் செய்கிறோம்.

பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்தேன். ரீட்ரை போட்டிருந்த ஏழு வாரத்தில், முதல் தடவை விழுந்து மறுதடவை எழுந்த ஓட்டங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள் அப்படியே இருந்தன. பச்சையாக முடிந்ததால் ஒருவரும் திறக்கவில்லை. ஒன்பது இடத்தில் -1. வாடிக்கையாளர் சேவையில் இருக்கிற பெண்ணிடம் கேட்டேன். “ஆமா, ரெண்டு பேருக்கு ஒரே புடவை போயிடுது, ஒருத்தருக்குப் பணம் திருப்பிக் குடுத்துடறோம். நாலஞ்சு தடவை ஆகியிருக்கு” என்றார். அதில் ஒருவர் மகள் நிச்சயத்துக்கு என்று வாங்கியவராம். பணம் திரும்பிவிட்டது, சரி. அந்தப் புடவை அவருக்குக் கிடைக்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகம் வந்தது. ஏழு வாரமாக எங்கள் டெஸ்ட் வாய் திறந்து சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி சொல், மறுபடி சொல் என்று சொல்லவைத்து, அது சரி என்று சொன்ன பதிலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கோளாறு சின்னதுதான். சர்வர் முதலில் கையிருப்பைப் படிக்கும். ஒன்று இருக்கிறது என்றால் ஆர்டரைப் பதியும். அப்புறம் ஒன்றைக் கழிக்கும். படிப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் இன்னொருவர் படித்தால் அவருக்கும் ஒன்று இருப்பதாகத்தான் தெரியும். திருத்தியவர் இரண்டையும் ஒன்றாக்கினார்: கையிருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி என்று டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளை. கழிந்தால்தான் ஆர்டர்.

அவர் திருத்துவதற்கு முன்பே அதற்கான டெஸ்டை எழுதி வைத்தேன். இரண்டு குரோம், இரண்டு வாடிக்கையாளர், ஒரே புடவை. இரண்டும் தனித்தனியாகப் பணம் கட்டும் கடைசிப் பட்டன் வரை வரும். அங்கே சைக்ளிக்பேரியர் வைத்தேன். ஜாவாவில் அது ஒரு வேலிக் கதவு மாதிரி. இருவரும் வந்து சேரும் வரை யாரையும் விடாது, சேர்ந்ததும் இருவரையும் ஒன்றாக விடும். அப்போது இரண்டு கிளிக்கும் கிட்டத்தட்ட ஒரே நொடியில் விழும். ஒருவருக்கு ஆர்டர், ஒருவருக்கு ‘விற்றுவிட்டது’, கையிருப்பு பூஜ்யம். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் பாஸ். திருத்துவதற்கு முன் இருபது தடவை ஓட்டியதில் பதினாலு தடவை இருவருக்குமே ‘வாழ்த்துகள், உங்கள் புடவை உறுதி’ என்று வந்தது. இரண்டு விண்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வாழ்த்தைப் படித்தேன். திருத்திய பின் இருநூறு தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒருவருக்குத்தான்.

ரீட்ரையை எடுத்தது எடுத்ததுதான், திரும்பப் போடவில்லை. லீட் ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இப்போது ஒரு டெஸ்ட் விழுந்தால் அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து, இது அடுப்பா கிணறா என்று பார்க்கிறார். அந்தச் சொற்கள் டீமில் அப்படியே நின்றுவிட்டன. சென்னைக்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆனி முதல் வாரத்தில் அந்தத் தம்பி மறுபடி போன் செய்தான். ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் கூப்பனை வைத்து, நான் எழுதிய டெஸ்டைப் போலவே ஒன்று அவனாகவே எழுதியிருக்கிறான். இரண்டு விண்டோ, இரண்டு பேர், ஒரே கூப்பன், நடுவில் வேலிக் கதவு.

“ரெண்டு பேருக்கும் விழுது அக்கா” என்றான். “முதல் ஓட்டத்துலயே.”